அஃப்ஹம் சேரின் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர்

2025 ஜூன் 17, செவ்வாய்

பிற்பகல் 2.10, பள்ளி விட்ட பிறகு நடக்கும் விருப்ப வகுப்புகள். என் கணினி அறையில் ஆறு பேர். பக்கத்து அறையில், அஃப்ஹம் சேரின் வரலாற்று வகுப்பில் நாற்பத்து மூன்று.

ப்ரொஜெக்டரைப் பொருத்தியது நான், படத்தின் மங்கலைச் சரிசெய்தது நான். கைதட்டல் அவருக்கு. என் அறைப்பக்கம் எட்டிப் பார்க்காத தனுஜா டீச்சர்கூட கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஜெர்மனியில் யூதர்களைப் பற்றிப் பரப்பிய பொய்களை அஃப்ஹம் சேர் திரையில் காட்டினார்: வந்தேறிகள், விசுவாசமில்லாதவர்கள், எதைச் செய்தாலும் உள்நோக்கம்.

"சேர், நம்ம மலையகத்து ஆளுங்கள கள்ளத்தோணின்னு சொன்ன மாதிரியே இருக்கே!" — நிலக்ஷி. என் பாடத்தில் வாயே திறக்காதவள்!

18, புதன்

ஜீவராஜ் அஃப்ஹம் சேரின் வகுப்பிலேயே கேட்டுவிட்டான். "சேர், நீங்க முஸ்லிம். காஸாவுல நடக்குறதப் பாத்தபொறகும் யூதருக்காகப் பேசுறீங்களே?"

ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்ற நான், அவர் மாட்டினார் என்று சந்தோஷப்பட்டேன். உண்மை.

"குண்டு போடுற அரசாங்கத்து மேல எனக்கும் கோவம்தான். அதுக்காக எங்கயோ இருக்குற யூதப் புள்ளைய வெறுக்கலாமா? ஈஸ்டர் குண்டுக்குப் பொறகு எங்க வாப்பா கடைப்பக்கம் ஒருத்தரும் வரல்ல. குண்டு வச்சது வாப்பாவா?"

ஜீவராஜ் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். என் பாடத்தில் அவன் பேனாவே எடுத்ததில்லை.

19, வியாழன்

தலவாக்கலை தேத்தண்ணிக் கடையில் ஜீவராஜின் அப்பா நல்லமுத்து. "என்னா சேர், அந்த சேர் புள்ளைங்களுக்கு என்னாத்த படிச்சுக் குடுக்குறாரு?"

"முஸ்லிம் ஆளுங்கதானே அண்ணே. ஏதாச்சும் உள்நோக்கம் இருக்கும்."

அப்படிச் சொன்னதும் என் மனசு குளிர்ந்தது.

20, வெள்ளி

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விடியும்போதே: 'முஸ்லிம் சேர் புள்ளைங்கள மதம் மாத்துறாரு.' அதிபர் வகுப்பை நிறுத்திவிட்டார். அஃப்ஹமிடம் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார். இடமாற்றமும் வரலாமாம்.

கணினி அறையில் இன்றும் ஆறு பேர்தான்.

மதம் மாத்துறாருன்னு நானா சொன்னேன்? உள்நோக்கம்னு மட்டும்தானே — சீ. செவ்வாக்கிழமை திரையில அந்தச் சொல்லை மங்கலில்லாமத் தெளிவாக்கினதே நான்தான். யூதர் இருந்த இடத்துல அவரைப் போட்டுட்டேன். அவ்வளவுதான் வேலை.

22, ஞாயிறு

இன்னும் எரிகிறது. நாளைக்கு அவரைப் பார்த்தாலும் எரியும். ஆனாலும்:

1. காலைக் கூட்டத்துக்கு முன் அதிபரிடம்: இது தொடங்கியது என் வாயில்.
2. பெற்றோர் குழுவில் அதையே குரல்பதிவாக, என் பெயரோடு. 'தவறுதலாக' என்ற சொல் கிடையாது.
3. நல்லமுத்து அண்ணனிடம் நேரில், கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.
4. அஃப்ஹம் சேரிடம் மன்னிப்பு. தராவிட்டால் வாயை மூடிக்கொண்டு திரும்புவது.
5. இதையெல்லாம் நல்ல பேர் வாங்கத் தனுஜா டீச்சரிடம் சொல்லிக் காட்டாமல் இருப்பது.