கட்டைக் குரலுக்கு முன்வரிசை

18-7-82, ஞாயிறு
இப்படி நடக்கும் என்று போன வருஷமே சொன்னேன். புதுச் சாமியார் வருவார், கையில் கேசட் பெட்டியோடு வருவார் என்று. யார் கேட்டார்கள்? இன்று பூசை முடிந்ததும் அறிவித்துவிட்டார். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழாவுக்குப் பாடகர் குழு வேண்டாமாம், கேசட்டில் பாட்டுப் போடலாமாம்.

காரணம் இருக்கிறது. நாலு குரல் பாட்டில் கட்டைக் குரல் பாட ஆளில்லை. பாடிக்கொண்டிருந்த இரண்டு பேரும் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் குழுவை நடத்துகிறவள் என் அக்கா மகள் அமலோற்பவம். ஆறு வருஷ உழைப்பு.

19-7
அமலி அழவில்லை. பாட்டு நோட்டுகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். அழுதிருந்தால் தேவலை.
"கேசட்டே பாடட்டும் மாமா. இனி நான் சனத்தோட சனமா முக்காடு போட்டு உக்காந்து பூசை காணுதேன்."

21-7
லாரி ஓட்டுகிற இஞ்ஞாசியைப் பார்த்தேன். அவன் இருமினால் ஜன்னல் அதிரும். பாட வா என்று கூப்பிட்டேன்.
"பொம்பளையாளுக உச்சத்துல பாட, நான் பின்னால நின்னு எருமை மாதிரி முனங்கவா? போம் வே."
அவன் மச்சான் பிச்சைமுத்துவும் அதையேதான் சொன்னான். பின்வரிசை என்றால் ஒருவனும் வரமாட்டான். முன்னால் நிற்க இடம் கொடுத்தால்—?

1-8, ஞாயிறு
அம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் வழக்கம்போல நம் மாதா கோயிலையும் பார்க்க வந்தது. ஐந்நூறு பேர். சரி, நாற்பது. சுற்றிக்காட்ட என்னை விட்டால் யார்? மணி ரோமாபுரியிலிருந்து கப்பலில் வந்தது என்றேன். போன வாரம் லிஸ்பன் என்று சொன்ன ஞாபகம்.

பீடத்துக்கு முன்னால் தரையில் லத்தீன் எழுத்துக் கல் ஒன்று பதித்திருக்கிறது. கடையநல்லூர் மகபூப் பீவி அம்மாள், "இதுல என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். தூணோரம் இஞ்ஞாசி நின்றிருந்தான். நான் குனிந்து, விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். திருவிழாப் பாட்டில் கட்டைக் குரல் பாடுகிற ஆண்கள் இந்தக் கல்லை ஒட்டி முன்வரிசையில் நிற்க வேண்டும், மாதா சப்பரத்துக்கு முதல் தோள் அவர்களுடையது, இது கோயில் கட்டிய வெள்ளைக்காரச் சாமியாரின் கட்டளை.

அந்த அம்மாள், நல்ல ஏற்பாடுதான் என்றார். இஞ்ஞாசி கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான்.

2-8
விடிந்ததும் இஞ்ஞாசி வாசலில். பின்னாலேயே பிச்சைமுத்து. கல்லுக்கு வலது பக்கம் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் சண்டை. பாட்டு என்ன என்று ஒருவனும் கேட்கவில்லை.

5-8
ஏழு பேர் சேர்ந்தாச்சு. அமலி கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே, "மாமா, அந்தக் கல்லுல நெசமாவே அப்படித்தான் எழுதியிருக்கா?" என்றாள்.
"ஏட்டி, நான் அஞ்சாம் கிளாஸ் வரை படிச்சவன்."
"அதான் கேக்கேன்."

8-8
முதல் இரண்டு நாள் ஏழு பேரும் சந்தைக் கூச்சல். வாயை மூடி ரீங்காரம் மட்டும் போடுங்க என்றாள் அமலி. இன்று திடீரென்று ஏழும் ஒன்றாகிவிட்டது. உள்ளங்கால் வழியாகப் பாட்டு ஏறியது எனக்கு. திரும்பினால் வாசலில் சாமியார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. குருமடத்தில் லத்தீன் படித்தவராச்சே! அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஏழு பேரும் போய்விடுவார்கள். அமலி மறுபடியும் கயிறு கட்டுவாள். நானா கெடுத்தேன்?

10-8
சாமியார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாள் முழுதும் அவர் கண்ணில் படாமல் சுற்றினேன்.

15-8, ஞாயிறு
பாடினார்கள். தென்காசி வரை கேட்டிருக்கும். இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டு பாடினான், வலது பக்கமா இடது பக்கமா என்பதே அவனுக்கு மறந்துபோச்சு. கேசட் பெட்டியை யாரும் வெளியே எடுக்கவே இல்லை. ஏழு பேரும்தான் சப்பரத்துக்கு முதல் தோள் கொடுத்தார்கள்.

சப்பரம் நிலைக்கு வந்ததும் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.
"தொம்மை அண்ணாச்சி, பாட்டுப் பழக ஆம்பளைக நேரத்துக்கு வரணும்னும் அந்தக் கல்லுல எழுதியிருக்கும். நல்லா வாசிச்சுப் பாரும்."
வாசிக்கிறேன் சாமி என்றேன்.

இந்த நோட்டில் மட்டும் எழுதி வைக்கிறேன். எனக்கு லத்தீனில் ஓர் எழுத்தும் தெரியாது. அது யாரோ ஒருவருடைய கல்லறை. அதில் எனக்குப் புரிவது சிலுவையும் வருஷமும்தான். கட்டளையை நான்தான் கட்டிச் சொன்னேன்.