பர்மா பூகம்பத்துக்குத் தமிழ் தெரியாது

தாம்பரம்,
4.5.88

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

அழகர் புண்ணியத்தில் நான் சுகம். பாப்பாவுக்குக் காது குத்திய இடம் ஆறிவிட்டதா? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

மாசக் கடைசி ஞாயிறு இங்கே பெரிய குஸ்தி. என்னைப் 'பர்மா பூகம்பம்' என்று போஸ்டர் அடித்திருக்கிறார்கள். அதனால் அதுவரை லாட்ஜில்கூட நான் தமிழ் பேசக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. தினமும் என்னை ஜீப்பில் நிறுத்திப் பல்லாவரம் வரை ஊர்வலம் விடுகிறார்கள். உள்ளூர்ப் பயில்வானை நசுக்கப் போவதாக நான் சொன்னேன் என்று மைக்கில் கத்துகிறார்கள். நான் உறுமினால் போதும்.

நேற்று ஒரு வேடிக்கை. டீக்கடையில் ஒருத்தன் என்னைக் கண்டபடி திட்டினான். கடைக்கார அம்மா, "ஏம்பா, மூஞ்சிக்கு நேராவா திட்டுவ?" என்று கேட்டது.

"அவனுக்கு இன்னாக்கா தெரியும்? தமிழே புரியாது" என்று சொல்லி, என் பெண்டாட்டி பிள்ளையையும் சேர்த்துத் திட்டினான். நான் டீயைக் குடித்து முடித்தேன். கோபம்கூட வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, பயப்படாதே.

என் பழைய போர்வையைப் பார்சலில் அனுப்பு. ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் வை.

ஜீப் வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். ஒன்று மறந்துவிட்டேன். போன தடவைபோல மேனேஜர் பெயருக்குக் கடிதம் போடாதே. உறைமேல் என் பெயரை முழுசாக எழுது. தபால்காரர் லாட்ஜ் வாசலில் நின்று பெயரை உரக்கக் கூப்பிடுவார். நான் எழுந்து போக முடியாது, மேனேஜர்தான் வாங்குவார். ஆனாலும் காதில் விழும்.

இப்படிக்கு,
மு. இருளப்பன்