கரியனின் பல்லும் நடுச்சுவரும்

கெலவரப்பள்ளி,
2.2.2025

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிர்மலாவுக்கு,

சென்னம்மாள் எழுதுவது. பாகம் பிரித்த அன்று, மாமியாரின் பித்தளை அண்டாவை நான் ஒளித்து வைத்தேன் என்றாய். ஓரகத்தி என்றும் பார்க்காமல் ஊர் முன்னால் சொன்னாய். இனி உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். பேசுவதில்லை என்றுதான் சத்தியம். எழுதுவதை அம்மன் கணக்கில் எடுக்க மாட்டாள்.

விஷயம் கரியனைப் பற்றி. வீடு, நிலம், மாடு எல்லாம் பிரித்தவர்கள் நாயைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். காலையில் என்னிடம் களி, சாயங்காலம் உன்னிடம் பிஸ்கட் என்று அவனும் சுகமாகத்தான் இருந்தான். கொஞ்ச நாளாக அவன் வாய் நாறுகிறது. ஈறில் ரத்தமும் கசிகிறது. நீ டீயில் நனைத்துப் போடும் பிஸ்கட்டால் வந்த வினை. நிறுத்திவிடு. என் கைவைத்தியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடிதத்தை அவன் கழுத்துப் பட்டையில் செருகி அனுப்புகிறேன்.

சென்னம்மாள்

*

4.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நிர்மலாவின் வணக்கம். கடிதம் வந்தது. ஒரு மூலையைக் கரியன் நக்கி அழித்துவிட்டான். அந்த இடத்தில் என்னைத் திட்டியிருந்தால் அது என்னைச் சேரவில்லை.

பிஸ்கட்டை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் போடும் ஆட்டு எலும்பையும் நிறுத்துங்கள். அதைக் கடித்துக் கடித்தே பல் போகிறது என்று கம்பெனியில் சௌமியா சொல்கிறாள். அவள் வீட்டிலும் நாய் இருக்கிறது. நானும் ஷிஃப்ட் முடிந்து வந்து என்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

உங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் தங்கை,
நிர்மலா

*

13.2.2025

நிர்மலாவுக்கு,

முழங்கால் என்னுடையது, அது கிடக்கட்டும். எலும்பை நிறுத்தியும் ரத்தம் அதிகமாகிவிட்டது. இன்று களியை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வீட்டின் இரண்டு பக்கத்துக்கும் போய்வர வேறு யார் இருக்கிறார்கள்?

நாளைக்கு மத்திகிரியில் சுபாஷ் டாக்டரிடம் கொண்டுபோகிறேன். பிடிக்க இரண்டு பேர் வேண்டுமாம். லீவு போட்டுவிட்டு வா. ஆட்டோவில் கரியனை நடுவில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.

சென்னம்மாள்

*

15.2.2025

நிர்மலாவுக்கு,

நேற்று நடந்ததை நீயும் கூடவே இருந்து பார்த்தாய். ஆனாலும் எழுதினால்தான் எனக்கு மனது ஆறும்.

"ஏம்மா, இவனுக்கு யாரு பல்லு தேய்க்கிறது?" என்று டாக்டர் கேட்டதும் இரண்டு பேரும் கை தூக்கினோமே, எனக்கு மானமே போய்விட்டது. காலையில் நான் உப்புத் துணியால் தேய்க்க, சாயங்காலம் நீ உன் மகன் சந்தோஷுடைய பழைய பிரஷ்ஷால் தேய்க்க, ரத்தம் வருகிறதே என்று ஆளுக்கு ஆள் இன்னும் அழுத்த, பாவம் அந்த வாயில்லாத ஜீவன். "ஒரு நாளைக்கு ஒரு தடவ தேய்ச்சா போதும்மா. மெத்துனு இருக்கிற பிரஷ், நாய்க்குன்னு விக்கிற பேஸ்ட். நம்ம பேஸ்ட்டு ஆவாது, அது முழுங்கிரும். ஒரே வூட்டுக்காரங்கதானே, பேசிக்கவே மாட்டீங்களா?" என்றார். நீ தரையைப் பார்த்தாய், நான் சுவரைப் பார்த்தேன்.

எலும்பைக் கடித்து விரிசல் விட்ட கடைவாய்ப் பல்லை மயக்கம் கொடுத்துப் பிடுங்கினார்கள். அப்புறம் ரொம்ப நேரம் அவன் எழுந்திருக்கவே இல்லையே, அப்போதுதான் "நிர்மலா, மூச்சு உடறானா பாரு கண்ணு!" என்று கத்திவிட்டேன். சத்தியம் போயிற்று. அம்மனுக்குப் பொங்கல் வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

சென்னம்மாள்

*

16.2.2025

அன்புள்ள அக்கா,

கரியன் இன்று தயிர்சோறு தின்றான். புண் ஆறும்வரை பிரஷ் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை மறந்துவிடாதீர்கள்.

சத்தியம் செய்தது நீங்கள்தான். நான் செய்யவில்லை. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தாங்க மாட்டேன் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் சுவரோரம் நின்று கரியனிடம் சத்தமாகப் பேசினேன். "இன்னைக்கி ஓவர்டைம்டா", "சந்தோஷுக்கு ஜொரமா கெடக்குதுடா", "இப்போ விட்டுருச்சுடா" என்றதெல்லாம் உங்களுக்குச் சொன்னது. உங்களுக்குக் கேட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. அண்டா பேச்சை நான் எடுத்திருக்கவே கூடாது, அக்கா.

நிர்மலா

*

அன்றே

நிர்மலா கண்ணு,

எல்லாம் கேட்டது. சந்தோஷுக்கு ஜுரம் விட்டது என்று நீ சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அக்கா