அந்தப் பால் கறுப்பாகவா இருக்கும்?

சங்கரன்கோவில்
9.11.2024

செல்விக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது, போனால் இந்த வீட்டுப் படியேறாதே என்றேன். கோபத்தில் சொன்ன வார்த்தை. அதற்காகக் குலசேகரத்து ரப்பர் தோட்டம் வரைக்குமா போவார்கள்? நீ அங்கே மரத்தில் பால் வெட்டுகிறாய் என்று உன் சித்தி மகள் சண்முகப்ரியா சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பஞ்சர் கடை வைத்திருக்கிறேன், ரப்பர் மரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பால் கறுப்பாகவா இருக்கும்?

கண்ணன்


குலசேகரம்
17.11.2024

அத்தானுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட மாட்டீர்கள் என்று தெரியும்.

பால் கறுப்பில்லை. பசும்பாலைவிட வெளுப்பு. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவோம். மரப்பட்டையைச் சாய்வாக, மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவின வழியே பால் இறங்கி, கீழே கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் சொட்டும். கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம்பட்டு முண்டு விழும். முதலில் நான் வெட்டிய மரங்களெல்லாம் முண்டும் முடிச்சுமாக நிற்கின்றன. என்னோடு வெட்டும் கடையநல்லூர் பாஜிலா அக்காதான், "ஏட்டி, கத்திய அமுக்காத, அது பாட்டுக்குப் போவட்டும்" என்றாள்.

பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிடுகிறார்கள். தேன் நிறத்தில் வெளியே வருகிறது. பிறகு டயர் மட்டும் ஏன் கறுப்பு?

இசக்கிசெல்வி


சங்கரன்கோவில்
25.11.2024

அன்புள்ள செல்விக்கு,

எனக்கும் தெரியவில்லை. பழைய டயருக்கு ரீட்ரெட் போடும் முகம்மது மைதீன் பாயிடம் போய்க் கேட்டேன். கரிப்பொடி சேர்க்கிறார்களாம். டயர் சீக்கிரம் தேயாதாம். இத்தனை நாள் கேட்கத் தோன்றவே இல்லை பார். ஒரு டியூப் துண்டை மோந்து பார்த்தேன். பாலுக்கும் இதே வாடைதானா?

வந்துவிடு. இங்கேயே நீ வேலைக்குப் போகலாம். நான் அனுமதி தருகிறேன்.

அன்புடன்
கண்ணன்


குலசேகரம்
4.12.2024

அத்தானுக்கு,

பாலுக்குப் பெரிய வாடை இல்லை. சிரட்டையில் ஒட்டிக் காயும் ஒட்டுப்பால்தான் நாறும். எவ்வளவு சோப்பு போட்டாலும் கையைவிட்டுப் போகாது.

அனுமதி கேட்டு நான் எழுதவில்லை. அன்றைக்குச் சரியென்று சொல்லியிருந்தால் ஊரிலேயே ஏதாவது பார்த்திருப்பேன். இப்போது இந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. போன வாரம் ஒரு வரிசை முழுக்கக் காயமே படாமல் வெட்டினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. உங்கள் முகம்தான் முதலில் வந்தது. அதற்காக வந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். தையில் இலை உதிர்ந்ததும் வெட்டு நிற்கும். அப்போது எங்கே போவதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.

செல்வி


சங்கரன்கோவில்
12.12.2024

என் செல்விக்கு,

நீ போனதிலிருந்து, அம்மா வீட்டில் இருக்கிறாய் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். இன்று திருவேங்கடத்து ரிபாயி அண்ணாச்சி பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார், உன்னை விசாரித்தார்.

"அவ குலசேகரத்துல ரப்பர் பால் வெட்டுதா அண்ணாச்சி" என்றேன்.

கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அது எப்படி வெட்டுவது என்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். நீ எழுதியதையெல்லாம் சொன்னேன். பஞ்சர் ஒட்டி முடித்த பிறகும் ஒருவரும் நகரவில்லை. கடைசியில் அண்ணாச்சி, "அப்ப இனி வர மாட்டாளோ?" என்றார்.

"அத அவகிட்டதான் கேக்கணும்" என்றேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். தோட்டத்து வாசலில் நிற்பேன். உனக்கு மனமிருந்தால் உள்ளே கூட்டிப்போய் ஒரு மரத்தைக் காட்டு.

கண்ணன்