கோழிக்குக் கேட்காத ஜோக்

அன்பு மாப்ளே குமரேசு,

நீ போன பிறகு உன் ஜோக்குகளை நான் எடுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்ததற்குத் திட்டுவதென்றால் திட்டிக்கொள். சேலத்தில் ஒரு காபிக் கடை மாடியில் ஞாயிறு சாயங்காலம் யார் வேண்டுமானாலும் மைக் பிடித்து ஐந்து நிமிடம் பேசிச் சிரிக்க வைக்கலாம். மூன்று முறை ஏறிவிட்டேன்.

அங்கே வருகிறவர்கள் இதை நோட்டுப் போட்டுப் படிக்கிறார்கள். சிரிப்பு வரும் சொல்லைக் கடைசியில் வை, தேவையில்லாததை வெட்டு, உன்னையே முதலில் கிண்டல் செய் என்கிறார்கள். எருமப்பட்டிப் பண்ணையில் தீவனம் போட்டுக்கொண்டே நீ செய்ததும் இதுதானே? சத்தம் கேட்டால் கோழி மிரண்டு முட்டை குறையும் என்பதால் ஜோக்கையும் நீ முணுமுணுப்பாய்ச் சொல்வாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்குவேன். மெல்லச் சொன்னால் ஏன் சிரிப்பு அதிகம் வருகிறது? காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதாலா, சிரிக்கக் கூடாது என்பதாலா? இன்னும் பிடிபடவில்லை.

போன வாரம் என் தங்கையையும் கூட்டிப் போனேன். உன் சரோஜாதான். நீ கண்ணை மூடிப் போன இந்த எட்டு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அவள் எதிரில் உன் ஜோக்கைச் சொன்னால் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். ஆனாலும் சொன்னேன்.

"கோழிப் பண்ணையில வேலை செஞ்சு எங்க மாப்பிள்ளைக்கு மெதுவாப் பேசறதே பழக்கமாயிருச்சுங்க. ஒரு நாள் ஊட்டுக்கு வந்து, மெதுவா 'சரோஜா'ன்னாரு. எந்தங்கச்சி கேட்டா, 'என்ன பண்ணிப்போட்டு வந்தீங்க?'"

நாலு பேர் சிரித்தார்கள். பயத்தில் நான், "அது பண்ணைப் பழக்கமுங்க" என்று விளக்கமும் கொடுத்தேன். சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ராசிபுரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணா, நான் கேட்டதோட நிறுத்தியிருக்கோணும். அதுக்கப்புறம் எதுக்குப் பேசுனீங்க?"

"தெரியாமப் பண்ணிப்போட்டேன் சாமி."

"மீதியும் உங்களுக்குத் தெரியாது. நான் கேட்டதுக்கு அவிய இன்னும் மெதுவா, 'ஒண்ணுமில்லை'ன்னாங்க. அப்பத்தான் எனக்கு நெசமாலுமே சந்தேகம் வந்துது."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. சத்தமே இல்லை. நான்தான் அழுதுவிட்டேன்.

இந்த மீதியை என்னிடம் ஏன் சொல்லாமல் வைத்திருந்தாய்?

வரும் ஞாயிறு மைக்கில் அதை அவளே சொல்கிறாளாம். அவள் கேட்ட கேள்வி வரைக்கும் என் பங்கு. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன், உன்மேல் சத்தியம்.

இப்போதுதான் வாயை மூடப் பழகும்
உன் மச்சான்,
துரை