எந்த மட்டை திரும்பிப் போகிறது

லெஷெக்,

அடுப்பில் பீட்ரூட் சூப் இருக்கிறது, சுடவைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என்னோடு பேசாததால்தான் இந்தச் சீட்டு.

விஆர் கண்ணாடி மாட்டி ஆடும் உன் கோல்ஃபுக்கு, கன்ட்ரோலரைச் செருகிக்கொள்ள இரண்டு மட்டை வாங்கினாய் அல்லவா? ஒன்றை இன்று திருப்பி அனுப்பவேண்டும். கூரியர்காரர் நான்கு மணிக்கு வருவார். நீளமானதைக் கட்டிவைத்துவிட்டேன். "எங்க கம்பெனி டைரக்டருங்க எல்லாம் இந்த நீளத்துலதான் ஆடுறாங்க" என்றாய். அவர்கள் வீட்டுக் கூரை உயரம். நம் சரவிளக்கில் மிச்சம் மூன்று பல்பு. உனக்குக் குட்டை மட்டை போதும்.

அன்று வரவேற்பறையில் கோல்ஃப் ஷூவோடு நீ நின்றதைப் பார்த்துச் சிரித்தது என் தப்புதான். ஆனால் ஷூவைக் கழற்றாமல் உன் அம்மாகூட இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. கீழ்வீட்டு டனூத்தா கேட்கிறாள்: "என்னடி, மேல குதிரை கட்டி வளக்கிறீங்களா?"

உர்ஷுலா

பி.கு.: குட்டை மட்டையையும் அனுப்பிவிடலாம் போலிருக்கிறது. நேற்று கன்ட்ரோலரைச் சூப் கரண்டியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஆடிப் பார்த்தேன். ஆட்டத்தின் ஸ்கோர் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று நீயே பார்.

கரண்டியைக் கழுவிவிட்டேன், பயப்படாமல் சாப்பிடு. சாயங்காலம் ஓர் ஆட்டம் போடுவோம். தோற்றவர்தான் முதலில் பேசவேண்டும்.