மேஸ்திரி படத்தில் என் முகம்

போர்ட் பிளேர்,
12.8.1963

அன்புள்ள ராமாயிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இங்கே என் முகத்துக்கு மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். தாலியைத் தொட்டுப் பார்க்காதே, நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி?

படகு கவிழ்ந்தபோது எங்கள் நாலு பேரையும் கரையேற்றிவிட்டுக் கடலோடு போனாரே அங்கமுத்து மேஸ்திரி, அவர் பெயரில் கூலியாட்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை வைத்திருக்கிறோம். விழாவில் வைக்க அவர் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "பைட்டோ, உட்காரு, உனக்கு அவரு சாடை இருக்குய்யா" என்று கடைக்காரர் சாகுல் ஹமீது என்னை உட்காரவைத்து, மேஸ்திரியின் சட்டையை மாட்டிவிட்டு, என்னைப் பார்த்தே ஓர் ஓவியரைப் படம் வரையச் சொல்லிவிட்டார்.

போன வாரம் விழா. முதல் உதவித்தொகை வாங்கிய வங்காளிப் பெண் படத்தின் முன் விழுந்து கும்பிட்டது. மேஸ்திரியின் மனைவி ஜெயமணி வெகுநேரம் படத்தையே பார்த்தார். "அவருதான். ஆனா இப்படிப் பயந்தாப்புல நான் ஒருநாளும் அவரப் பார்த்ததில்ல" என்றார்.

அதிலிருந்து நான் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வதில்லை. தாடியோடு வந்தால் விரட்டிவிடாதே. எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. உறையின்மேல் என் பெயரைப் பெரிதாக எழுது.

கப்பலுக்குத் தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். இன்று காலை படத்தைச் சுவரில் மாட்டும்போது ஆணி பிடுங்கிக்கொண்டு அது என் தலையில் விழுந்தது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன்
பெரியகருப்பன்